போரும் புனரமைப்பும்: இலங்கைச் சிக்கலில் நம் நாட்டின் அயல்நாட்டுக் கொள்கை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

வள்ளுவரையும் கம்பரையும் இளங்கோவையும் பற்றிப் பேசுவதே இம்மேடையின் வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாக, இவ்வாண்டு அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். செய்தி தெரிந்ததும் நண்பர் ஒருவர், "தங்கவயலில் இருப்பவர்களுக்குக் குடிநீர்க் குழாயைப் பற்றிய கொள்கை போதாதா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமற் போகவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிற மக்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கோப்புகளைப் பற்றி எண்ண நேரம் ஏது? ஆயினும், நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டுப் போன மக்கள் பல்லாண்டுகளாக அக்கோப்புகளுக்குள்ளேயே வாழ்ந்தும் மடிந்தும் வந்திருக்கிறார்கள். ஆகவே பேசத் துணிந்தோம்.

சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். தாது வருடப் பஞ்சத்தில் அடிபட்ட குடும்பம். சில ஆண்டுகள் கழித்து, அண்ணன் ஒரு மேஸ்திரியின் பின்னே கோலாருக்கு வருகிறான். தம்பி ஒரு கங்காணியின் பின்னே கடல் கடந்து கண்டிச் சீமைக்குப் போகிறான். இங்கே ஜான் டெய்லர் கம்பெனியார் பாறையைப் பிளந்து பொன் தேடிய காலம் அது. அங்கே காப்பிச் செடி நோயால் அழிந்து, அதன் இடத்தில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம். அண்ணன் குடியிருந்த வரிசை வீட்டை நாம் 'லைன்' என்கிறோம். தம்பி குடியிருந்ததை அவர்கள் 'லயம்' என்கிறார்கள். ஒரே சொல்தான், இரண்டு மலைநாட்டு வாய்களில் இருவகையாக வழங்குகிறது.

இருவருடைய பேரப்பிள்ளைகளும் எங்கே வேறுபட்டார்கள்? உழைப்பிலே அன்று, எல்லைக் கோட்டிலே. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நாம் மைசூர் மாநிலத்தில் இருந்தோம். மொழியால் சிறுபான்மையினர் ஆனோமே தவிர, நாடற்றவர் ஆகவில்லை. நம் வாக்குச்சீட்டை எவரும் பறிக்கவில்லை. இரிபப்ளிகன் கட்சி வேட்பாளரையும், தமிழ்நாட்டில் பிறந்த அண்ணா தி.மு.க. வேட்பாளரையுங்கூட இத்தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்ததுண்டு. தம்பியின் பேரனுக்கு நேர்ந்தது வேறு. இலங்கை விடுதலை பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை அந்நியராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று.

அப்போது தொடங்கியதே தில்லியின் முதல் வாதம். "அங்கே பிறந்து அங்கேயே உழைக்கிறவர்கள் அந்நாட்டின் மக்களே, அவர்களை ஏற்க வேண்டியது இலங்கையின் கடமை" என்பது நேருவின் நிலை. 1954-இல் கொத்தலாவலையுடன் உடன்பாடு செய்துகொண்டபோதும் அடிப்படையில் அந்நிலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மறைந்த சில மாதங்களில் காற்று திசை மாறிற்று. 1962-இல் சீனத்துடன் நேர்ந்த போருக்குப் பின், அண்டை நாடுகளின் நட்பை எப்படியேனும் பெற வேண்டும் என்ற எண்ணம் தில்லியில் ஓங்கியிருந்தது. 1964 அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மொத்தம் 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். பத்தாண்டுக்குப் பின், 1974-இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கிப் பகிர்ந்துகொண்டனர்.

அன்பர்களே, இந்த எண்களைச் சற்றே நின்று நோக்குங்கள். எல்லாம் முழு எண்கள், மூட்டை கணக்கு. தேயிலைத் தொழிலாளரின் தலைவரான தொண்டமான் எதிர்த்துக் கூறியது எடுபடவில்லை. ஒரு தோட்டத்துக்கேனும் சென்று, "அம்மா, நீ எங்கே வாழ விரும்புகிறாய்?" என்று முதலில் கேட்டுவிட்டு எண்ணை எழுதினார்களா என்றால், இல்லை, எண்ணை எழுதிய பிறகே விண்ணப்பம் கேட்டார்கள். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் நிறையுமுன், திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோயிற்று. பின்னர் அம்மக்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, தாத்தன் மட்டுமே கண்டிருந்த நாட்டுக்குள் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயருடன் நுழைந்தார்கள். பிள்ளைகளையும் சேர்த்தால் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1984-இல் போரினால் கப்பல் நின்றது. கணக்கும் பாதியில் நின்றது. அங்கே எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003-இல் தான் இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இனிப் போருக்கு வருவோம். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது, இந்திரா காந்தி அம்மையார் வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவை அனுப்பினார். பின்னர்ச் சிறப்புத் தூதராக கோ. பார்த்தசாரதி போய்வந்தார். 1985-இல் பூட்டானின் திம்புவில் பேச்சு நடந்து முறிந்தது. 1987 ஜூன் 4-இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளை இறக்கின. அடுத்த மாதம் 29-ஆம் நாள் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அந்த ஒப்பந்தத்தை முழுவதும் வீண் என்று யாம் சொல்லமாட்டோம். மாகாண சபைகளைத் தந்த பதின்மூன்றாம் திருத்தம் அதன் பிள்ளை. ஆனால் கையொப்பமிட்டோர் இரு அரசினரே. யாருக்காக அது எழுதப்பட்டதோ, அவர்களுடைய கட்சியோ இயக்கமோ எதுவும் அதில் கையொப்பமிடவில்லை. உடன் வைத்த கடிதங்களிலோ, திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் அந்நிய வானொலியும் பேசப்பட்டன. ஒரு நாடு தன் பாதுகாப்பை நினைப்பது குற்றமன்று. அதையும் மக்களின் குறைதீர்ப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்ததால், எதற்காகப் படை வந்தது என்பது வந்த வீரனுக்கே விளங்காமற் போயிற்று.

அக்டோபரில் அமைதிப்படையே போர்ப்படை ஆயிற்று. யாழ்ப்பாண மருத்துவமனையிலும் உயிர்கள் மாண்டன. 1990 மார்ச்சில் படை திரும்பும்வரை ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிர் நீத்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் செல்லவில்லை. செல்லாதது சரியே என்றார் சிலர். மாண்டவர் வீட்டுத் தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்றார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருந்தது. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் நடந்த கொடுமைக்குப் பின், அந்த வாதமே நாவெழாமல் அடங்கிற்று. 'தலையிட வேண்டும்' என்று எட்டாண்டுகள் முழங்கிய தில்லி, 'கிட்டே போகாதே' என்ற மறுமுனைக்குச் சென்றுவிட்டது.

அந்த வெற்றிடத்தில் நார்வே நாட்டார் வந்தனர். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. 2003 ஜூனில் தோக்கியோவில் கூடிய நாடுகள் புனரமைப்புக்கென 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. புலிகள் அக்கூட்டத்துக்குச் செல்லவில்லை. முதலில் அரசியல் தீர்வா, முதலில் வீடும் சாலையுமா என்ற வழக்கு அங்கேதான் வெளிப்படையாயிற்று. மறு ஆண்டின் திசம்பரில் ஆழிப்பேரலை வந்து இரு தரப்பாரையும் ஒன்றாக அடித்தது. நிவாரணப் பணத்தைச் சேர்ந்து பகிர 2005-இல் ஒரு பொது அமைப்பை எழுதினார்கள். அதன் முக்கியப் பகுதிகளை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிணங்களை அடக்கம் செய்தபின்னும் பணத்தை யார் கையால் கொடுப்பது என்பதில் ஒன்றுபட முடியவில்லை என்றால், போருக்கு வேறு முன்னறிவிப்பு வேண்டுமா?

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதி மாதங்களில் 40,000 வரை குடிமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் முள்வேலி முகாம்களில் அடைபட்டனர். அதே மே மாதம் செனீவாவில், இலங்கை அரசுக்கு உகந்த தீர்மானத்தை நம் நாடு ஆதரித்தது. 2012-இலும் 2013-இலும் இலங்கையைப் பொறுப்புக் கேட்ட தீர்மானங்களை ஆதரித்தது. 2014-இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது, 2021-இலும் அவ்வாறே. ஒரே அவையில் ஒரே சிக்கலில் மூன்று முகங்கள். 2013-இல் தி.மு.க. மத்திய அமைச்சரவையை விட்டு விலகியதும், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பொருளாதாரத் தடை வேண்டுமென 2011-இல் தீர்மானித்ததும் நீங்கள் அறிந்தவையே.

இவ்விடத்தில் நம் தவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளாதாரத் தடை என்ற சொல்லுக்கு நாமும் கைதட்டினோம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருப்பவர்களும் அதே நாட்டின் சந்தையில்தான் அரிசி வாங்குகிறார்கள் என்பதை அன்று நினைத்தோமில்லை. தொலைவில் இருப்பவனின் வீரம் விலை மலிவு. தில்லி அவர்களைக் கேட்கவில்லை என்று குறை கூறுகிற நாம், அவர்களைக் கேட்டுவிட்டா கைதட்டினோம்?

புனரமைப்பில் நம் நாடு செய்தவை சிறியவை அல்ல. அவற்றுள் வீட்டுத் திட்டத்தையே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 2010-இல் 50,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்டது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினார். 2012 அக்டோபர் 2-இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறையை மாற்றினர். வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலங்கை நாணயத்தில் ஐந்தரை இலட்சம் உரூபாய். பணம் வீட்டுக்காரர் பெயரிலேயே வங்கியில் விழும். அடித்தளம் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் எழுந்தால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு. வாசல் எந்தத் திசை, அடுக்களை எந்த மூலை, கொத்தனார் யார் என்பதை வீட்டுக்குரியவளே முடிவு செய்வாள். கணவனைப் போரில் இழந்த பெண்கள் பலர் தாமே மணல் பேரம் பேசிக் கட்டினார்கள். குறை இல்லாமல் இல்லை. ஊரெங்கும் ஒரே நேரத்தில் வீடு எழும்பியதால் மணலும் சிமிட்டியும் விலை ஏறின. கொடுத்த பணம் போதாமல் கடன் வாங்கிச் சிக்கியவர்கள் உண்டு. ஆயினும் அதில் ஒரு மரியாதை இருந்தது. லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். அளவும் வாசலும் கம்பெனி வைத்தபடி இருந்த வீட்டிலேதான் நம் பாட்டிமார் நான்கைந்து பிள்ளைகளை வளர்த்தார்கள்.

இதற்கு மறுதலையாக ஒன்று நடந்தது. சில ஆண்டுகள் கழித்து, 65,000 இரும்புத் தகட்டு வீடுகளை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றைக்கொண்டு நிறுவ இலங்கை அரசு திட்டமிட்டது. வன்னியின் வெயிலில் தகட்டு வீட்டுக்குள் எப்படி வாழ்வது, அந்தப் பணத்துக்குக் கல்வீடே கட்டலாமே என்று மக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் எதிர்த்தனர். திட்டம் சுருங்கிக் கைவிடப்பட்டது. கொடுக்கிறவனுக்கு விரைவு பெரிது. குடியிருக்கிறவனுக்குச் சுவர் பெரிது.

இருப்புப்பாதையின் கதை இன்னும் கூர்மையானது. நம் நாட்டுக் கடனுதவியில், நம் நாட்டு நிறுவனமே தண்டவாளம் இட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் அந்தச் சீழ்க்கை ஒலியைக் கேட்ட முதியோர் அழுதார்கள் என்றால் வியப்பில்லை. 2015 ஜனவரியில் பாதை காங்கேசன்துறை வரை நீண்டது. ஆனால் அதைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கின் நிலங்கள் படையினரின் உயர் பாதுகாப்பு வளையத்துள் இருந்தன. இரயில் தன் ஊருக்குப் போய்விட்டது. ஊரார் பலர் போகமுடியவில்லை! 2015-க்குப் பின் பகுதி பகுதியாக விடுவித்தனர். முல்லைத்தீவின் கேப்பாப்புலவில் பெண்கள் 2017-இல் படைமுகாம் வாசலில் அமர்ந்து தம் காணியைக் கேட்டனர். நன்கொடைப் பட்டியலில் தண்டவாளத்தின் நீளம் எழுதப்படும். இவர்கள் உட்கார்ந்திருந்த நாட்கள் எழுதப்படா.

மாகாண சபையின் நிலையும் அதுவே. 1987-இல் வாக்களித்த சபைக்கு வடக்கில் 2013-இல் தான் முதல் தேர்தல் நடந்தது. விக்னேசுவரன் முதலமைச்சரானார். 2018 அக்டோபரில் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நம் நாடு எழுப்பிய அழகிய பண்பாட்டு மையத்துக்கு 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். நல்ல பெயர், நாம் மகிழ்ந்தோம். ஆனால் சூட்டும்போது 'யாழ்ப்பாணம்' என்ற சொல் விழுந்துவிட்டது. அவ்வூரார் வருந்திக் குரல் கொடுக்கவே, சில நாட்களில் அதைச் சேர்த்தார்கள். சிறு செய்திதான். பெயர் வைக்கும் முன் ஊராரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அச்சிறு செய்தியும் பிறந்திராது.

இப்படிப் பேசினால், வெளியுறவுக் கலை அறிந்தோர் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். "அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீனருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. நாம் அதிகாரப் பகிர்வு என்று நெருக்கினால் கொழும்பு இன்னும் விலகும். ஆகவே பாலமும் வீடும் கட்டுவோம், அரசியலை அவர்களுக்கு விடுவோம்" என்பர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எல்லைக் காவலைப் பற்றிய கவலை உண்மையானது. ஆனால் ஆப்கானிசுத்தானத்தைப் பாருங்கள். சாரஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலையை நம்மவர் உயிர்கொடுத்து அமைத்தார்கள். 2015-இல் காபூலில் பாராளுமன்றக் கட்டடத்தை அளித்தோம். மறு ஆண்டு ஏராத்து மாகாணத்தில் சல்மா அணை. 2021 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்தது. அணையில் நீர் நிற்கிறது, சாலையில் வண்டி ஓடுகிறது. பாராளுமன்றம் மட்டும் கலைந்துவிட்டது. கட்டடத்தை நாம் கொடுக்கலாம். அதனுள் உட்காரும் உரிமையை நன்கொடைப் பட்டியலில் சேர்க்க இயலாது. இலங்கையின் மாகாண சபைக்காவது ஒப்பந்தத்தில் நம் கையொப்பம் இருக்கிறது. தேர்தலை நடத்துங்கள் என்று கேட்பது நெருக்குதல் ஆகாது. எழுதிக் கொடுத்ததை நினைவூட்டுதலே ஆகும்.

2022-இல் இலங்கை எரிபொருளும் மருந்தும் இன்றித் தவித்தபோது, தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. முதலில் தமிழர்க்கென்றே எண்ணினார்கள். "எங்களுக்கு மட்டும் வேண்டா, எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள்" என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே சொன்னார்கள். அவ்வாறே அனுப்பப்பட்டது. அவ்வளவு இழந்தவர்கள் சொன்ன சொல் அது. சென்னையிலோ தில்லியிலோ தங்கவயலிலோ இருந்த எவர்க்கும் அது தானாகத் தோன்றவில்லை. கேட்டபோது கிடைத்தது.

மலையகத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடிப்போம். ஈழம் என்றால் நாம் யாழ்ப்பாணத்தையும் வன்னியையுமே பேசுகிறோம். நம்மோடு ஒரே பஞ்சத்தில் புறப்பட்டவர்களை மறந்துவிடுகிறோம். 50,000 வீடுகளில் அவர்கள் பங்கு 4,000 மட்டுமே. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்; தோட்டத்தில் ஏழு பேர்ச் நிலம் கைக்கு வந்தால்தான் ஒரு வீடு எழும். இங்கு வந்தவர்களோ நீலகிரித் தோட்டங்களில் மட்டும் இல்லை. நம் மாநிலத்திலேயே, தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியாவிலும் புத்தூரிலும், இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. 1964-இன் அந்த முழு எண்களுக்குள் இருந்த மக்கள் அவர்கள். விடியலில் இரப்பர் மரத்தைக் கீறிப் பால் வடிக்கிறார்கள். பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். நம்மைப் போலவே. ஒரே மாநிலத்தில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நம் ஆண்டு விழா அழைப்பிதழ் ஒன்று அவர்களுக்குப் போனதில்லை.

செயற்குழுவினர்க்கு யாம் எழுதிக்கொடுத்திருக்கும் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஆண்டு விழாவுக்கு அங்கிருந்து சில குடும்பங்களை அழைக்க வேண்டும். வழிச்செலவில் ஒரு பங்கை யாம் ஏற்கிறோம். இன்று எமக்குக் கொடுத்த நேரத்தை, கப்பலில் வந்திறங்கிய மூதாட்டி ஒருவர்க்குக் கொடுங்கள். அவர் என்ன பேசுவார் என்று முன்கூட்டித் தலைப்புக் கொடுக்க வேண்டா.